சமத்துக்கு வந்து சேராத ஒலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு அறையில் ஒரு கணினியையும் ஒரு மைக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு அம்மன் பாடல்களையும் கிராமியப் பாடல்களையும் தயாரித்து வெளியிடும் டெல்டா மாவட்ட இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கருவிகளின் விலை, பாடகர் தேடும் பாடு, யூடியூபில் ஏற்றும் முறை எனப் பலவற்றையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, பல்லவியிலிருந்து சரணத்துக்கும் சரணத்திலிருந்து இடையிசைக்கும் பாட்டு திரும்பும் இடங்களில் சேர்க்கப்படும் ஒலிகளைப் பற்றி மட்டும், அவை இப்போது ஆயத்தமாகக் கிடைப்பதால் வேலை எளிதாகிவிட்டது என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. கும்பகோணத்தில் சிறியதொரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவரும் எனக்கு அந்த வாக்கியத்தோடுதான் உடன்பாடு இல்லை. வேலை எளிதானது உண்மைதான். ஆனால் பாட்டின் தாளம், சுருதி, அது ஒலிக்கப்போகும் இடம் ஆகியவற்றைப் பார்த்து ஒலியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அதனால் நின்றுபோய்விட்டது என்பதும் உண்மை.

இத்துறையில் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பகுதி வரப்போகிறது என்று காதுக்கு முன்கூட்டியே உணர்த்தும்படி, சில நொடிகள் மேலே ஏறிக்கொண்டே போகும் ஒலியை ரைசர் என்கிறோம். பெரும்பாலும் இதற்கு அடிப்படை வெள்ளை இரைச்சல், அதாவது எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த ‘உஸ்’ என்ற ஓசை. அதன் மேல் சில அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்டரை வைத்து, மதகைத் தூக்கத் தூக்கத் தண்ணீர் பெருகுவதைப்போல, தாழ்ந்த ஒலிகளிலிருந்து உயர்ந்த ஒலிகள் வரை சிறிது சிறிதாகத் திறந்துவிடுவார்கள். ரைசர் முடியும் இடத்தில் விழும் கனத்த அடிக்கு இம்பாக்ட் என்றும், அடி விழுந்த பின் கீழே இறங்கிக் கரையும் ஒலிக்கு டவுன்லிஃப்டர் என்றும் பெயர். சிம்பலை அடித்துப் பதிவுசெய்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டால் கிடைக்கும் ரிவர்ஸ் சிம்பல் காந்த நாடாக் காலத்திலேயே வந்துவிட்ட உத்தி. இவை நூற்றுக்கணக்கில் கட்டுக்கட்டாக, பேக் என்ற பெயரில், இணையத்தில் விலைக்கும் இலவசமாகவும் கிடைக்கின்றன.

முதல் சிக்கல் தாளத்தில் வருகிறது. இந்தப் பேக்குகளில் உள்ள ரைசர்களில் பெரும்பகுதி மேலைநாட்டு நடன இசைக்காக, நிமிடத்துக்கு 120 தாள அடி, 128 தாள அடி என்ற வேகங்களில், நான்கு, எட்டு, பதினாறு அடிகள் என்ற நீளங்களில் செய்யப்பட்டவை. 128 வேகத்தில் எட்டு அடிக்குச் செய்த ரைசரின் நீளம் 3.75 நொடி. நம் ஊர் அம்மன் பாட்டொன்று நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் ஆதி தாளத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் எட்டு எண்ணிக்கை உண்டு; ஓர் எண்ணிக்கையை அட்சரம் என்றும், முழுச் சுற்றை ஆவர்த்தனம் என்றும், சுற்றின் முதல் எண்ணிக்கை விழும் இடத்தைச் சமம் என்றும் சொல்வோம். முதல் நான்கு அட்சரம் லகு, அடுத்த இரண்டிரண்டு அட்சரமும் துருதங்கள். 80 வேகத்தில் ஓர் அட்சரம் 0.75 நொடி, ஓர் ஆவர்த்தனம் 6 நொடி. ஆகவே அந்த ரைசர் இந்தப் பாட்டில் சரியாக ஐந்து அட்சரம் ஓடும். ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் வைத்தால், அது ஐந்தாவது அட்சரத்தோடு தீர்ந்துபோய், மீதமுள்ள மூன்று அட்சரமும் எதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்தது என்று தெரியாமல் பாட்டு விழித்துக்கொண்டு நிற்கும். முதல் துருதத்தில் வைத்தாலோ, சமம் விழுந்து சரணத்தின் முதற்சொல் தொடங்கிய பின்னும் ஓர் அட்சரம் அதன்மேலேயே இழுத்துக்கொண்டு ஓடும். இந்த இரண்டு கோலத்தையும் எங்கள் பகுதித் திருவிழாப் பாடல்களில் இன்று தாராளமாகக் கேட்கலாம்.

இதற்குச் செய்ய வேண்டியது கடினமான வேலையே அல்ல. ரைசரைத் தலையிலிருந்து வைக்காமல் வாலிலிருந்து வைக்க வேண்டும்; அதன் உச்சி சமத்தில் விழும்படி முதலில் பொருத்திவிட்டு, அதற்குமுன் எவ்வளவு நீளம் தேவையோ அதை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடலாம். மேற்சொன்ன உதாரணத்தில் ரைசரின் வால் சமத்தில் வந்தால், தலை லகுவின் நான்காவது அட்சரத்தில், அதாவது நடுவிரல் எண்ணும் இடத்தில் வந்து நிற்கும். அது எதுவும் தொடங்குவதற்குரிய இடமன்று. எனவே ஓர் அட்சரத்தை வெட்டி, முதல் துருதத்தின் தட்டிலிருந்து மெல்ல எழும்படி ஏற்றினால் தாளம் தெரிந்தவர்களுக்கும் உறுத்தாது, தெரியாதவர்களுக்கும் உறுத்தாது. நீளத்தைக் கணினியில் இழுத்துச் சரிசெய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் இரைச்சலை ஓரளவு இழுக்கலாம்; ஆனால் இம்பாக்ட், சிம்பல் போன்று சட்டெனத் தொடங்கும் ஒலிகளை இழுத்தால் அந்த அடியின் கூர்மை குழைந்துவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவில் அமைந்த பாட்டுக்கும், மும்மூன்றாகத் திஸ்ர நடையில் செல்லும் கும்மிக்கும், நான்கு நான்காகத் துடிக்கும் ரைசர் எந்த நீளத்தில் இருந்தாலும் பொருந்தாது. அங்கே துடிப்பில்லாத வழுவழுப்பான ஒலியையே எடுக்க வேண்டும், அல்லது ரைசரே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும்.

சமத்தை நோக்கிக் காதை இழுத்துச் செல்லும் வேலையை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்கள் வாசித்த இந்த மண்ணில், தவில் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. தீர்மானம் என்று நாம் சொல்வது அதைத்தான். ததிங்கிணதொம் என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை இடைவெளியின்றி மூன்று முறை வாசித்தால் பதினைந்து மாத்திரை. ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில், இது நான்கு அட்சரத்துக்கு ஒரு மாத்திரை குறைவு. ஆகவே முதல் துருதத்தின் தட்டுக்கு ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கினால், மூன்றாம் தடவை முடிந்த அடுத்த மாத்திரையில் சமம் வந்து நிற்கும். 80 வேகத்தில் இதற்கு மூன்று நொடிகூட ஆகாது. முதல் தடவை கேட்கும்போது அது ஒரு சொல். இரண்டாம் தடவையில் காது கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் தடவை முடிவதற்குள் கேட்பவர் தம்மையறியாமலேயே தொடையில் தட்டத் தயாராகிவிடுகிறார். ஒலியின் கனத்தையும் உயரத்தையும் கூட்டிக்கொண்டே போய் ரைசர் உண்டாக்கும் எதிர்பார்ப்பை, தவில் கணக்கினாலேயே உண்டாக்கிவிடுகிறது. நல்ல தீர்மானம் ஒன்று பதிவாகியிருக்கும் ட்ராக்கின் மேல் ரைசரையும் கொண்டுவந்து கொட்டுவதைப்போல் வீணான வேலை வேறில்லை. தவிலின் வலது பக்கமாகிய வலந்தலையில் விழும் அந்தச் சொற்களை இரைச்சல் மூடிவிடும். கணக்கு காதில் விழாத தீர்மானம் வெறும் சத்தந்தான்.

அடுத்தது சுருதி. வெள்ளை இரைச்சலுக்குச் சுருதி கிடையாது. எனவே எந்த ராகத்திலும் அதை வைக்கலாம். ஸ்வரமாக ஏறும் சிந்தசைசர் ரைசர்களோ எங்கேனும் ஒரு ஸ்வரத்தில் போய் நின்றாக வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம். பேக்கிலிருந்து எடுத்த ரைசர் ஐந்து கட்டையில் போய் நிற்கிறது, பாட்டோ நீண்ட வகையான பாரி நாகஸ்வரத்துக்கு இசைவாக இரண்டரைக் கட்டையில் இருக்கிறது என்றால், அந்த முடிவு பாட்டின் அந்தர காந்தாரத்தில், அதாவது காந்தாரங்களில் உயர்ந்ததில், விழும். பாட்டு அந்த ஸ்வரம் உள்ள மாயாமாளவகௌளை ராகத்தில் இருந்தால் தப்பித்தோம். கரகரப்பிரியாவில் இருந்தால், பாடுபவர் சாதாரண காந்தாரத்தை அசைத்துப் பிடிக்க வரும் அதே நேரத்தில் அரை ஸ்வரம் மேலே இன்னொரு காந்தாரம் எக்காளமிட்டுக்கொண்டிருக்கும். கேட்பவர்களுக்கு ராக இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. ஏதோ சரியில்லை என்று எவருக்கும் தெரிந்துவிடும், பழி பெரும்பாலும் பாடியவர் மேல் விழும். ரைசரின் முடிவு ஸ்வரத்தைச் சட்ஜத்துக்கோ பஞ்சமத்துக்கோ மாற்றிக்கொள்வது சில நொடி வேலை. 1964இல் ரோஜர் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் விவரித்த, முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதாகக் காதை ஏமாற்றும் ஒலியும் இப்போது ரைசராகப் பேக்குகளில் வருகிறது. அது எங்கும் போய்ச் சேராத ஒலி என்பதால், சமத்துக்காகக் காத்திருக்கும் நம் பாட்டில் அதற்கு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சொல்லும் கெடுகிறது. ரைசரின் ஃபில்டர் முழுவதுமாகத் திறக்கும் கடைசி நொடியில்தான் வழக்கமாகச் சரணத்தின் கடைசிச் சொல்லும் இருக்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் சீற்றம் ஏறக்குறைய 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. இரைச்சலும் அங்கேயே வந்து நிரம்பிவிடுகிறது. அம்மனின் பெயரே அந்த இடத்தில் வரும் பாட்டில் அந்தப் பெயர் கேட்காமல் போனால், பாட்டு எழுதிக் கொடுத்தவர் எப்படிப் பொறுப்பார்? குரல் முடியும் வரை ஃபில்டரைப் பாதியில் நிறுத்தி, குரல் ஓய்ந்த அந்த அரை அட்சரத்தில் முழுவதும் திறந்தால் போதும்.

இனி, இவற்றையெல்லாம்விட எங்கள் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்றுக்கு வருகிறேன். அறையில் ஹெட்போனில் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒலி, கடைசியில் எங்கே ஒலிக்கப்போகிறது? ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் தெருக்களில், எத்தனை கட்டுப்பாடுகள் இருந்தாலும், கூம்பு ஒலிபெருக்கிகள் இன்னும் மறையவில்லை; மற்ற நேரங்களில் பாட்டு கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்கப்படுகிறது. இரண்டும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளைத் தருவதில்லை. 40, 60 ஹெர்ட்ஸில் அறையையே உலுக்கும் இம்பாக்ட், அங்கே அறவே கேட்காது. பில்டப் எல்லாம் முடிந்து ஒன்றும் விழாத ஒரு வெற்றிடந்தான் மிஞ்சும். ஆழமான அடியோடு 400 முதல் 2,000 ஹெர்ட்ஸுக்குள் உயிருள்ள இன்னோர் அடியை, வலந்தலையின் ஓங்கிய அடியையோ மரத்தில் தட்டிய ஒலியையோ, சேர்த்து வைத்தால் கல்யாண மண்டபத்துச் சப்வூஃபரிலும் அது கனமாக விழும், கூம்பிலும் காணாமல் போகாது. அதேபோல், காதைச் சுற்றி விரியும் வூஷ் ஒலிகள் பலவற்றில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் அசைகின்றன. கூம்பு ஒலிபெருக்கிக்காக இரண்டையும் ஒன்றாகக் கூட்டியதும் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தேர்ந்தெடுக்கும்போதே, அப்படி ஒன்றாகக் கூட்டிய மோனோவில் ஒரு முறை கேட்டுவிட்டால் இது தெரிந்துவிடும்.

மௌனமும் ஓர் இடைமாற்ற ஒலிதான், பல இடங்களில் மிகச் சிறந்ததும் அதுவே. சமத்துக்கு முன் எல்லா வாத்தியங்களையும் அரை அட்சரம் நிறுத்திவிட்டு விடும்போது, அடுத்து வரும் பல்லவிக்கு எந்த இம்பாக்டும் தர முடியாத பலம் கிடைக்கிறது. ஆனால் 80 வேகத்தில் அரை அட்சரம் என்பது 0.375 நொடி. தெருவில் 100 மீட்டருக்கு ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தால், நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும் ஒலி அடுத்த கம்பத்திலிருந்து நம்மிடம் வந்து சேர 0.3 நொடி ஆகும்; ஒரு கம்பத்தடியில் நிற்பவருக்கு, நாம் விட்ட மௌனத்தின் பெரும்பகுதியை அடுத்த கம்பத்தின் பழைய ஒலி வந்து அடைத்துவிடும். சுவாமிமலையிலோ திருநாகேஸ்வரத்திலோ கருங்கல் பிராகாரத்துக்குள் போட்டால் எதிரொலி சேர்ந்து இன்னும் மோசம். திருவிழாவுக்கென்று செய்யும் பாட்டில் மௌனத்தை ஒரு முழு அட்சரமாகவாவது விட வேண்டும். கைபேசிக்கென்று செய்யும் பாட்டில் கால் அட்சரமே போதும். ஒரே பாட்டுக்கு இரண்டு மிக்ஸிங் செய்து கொடுக்கச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள், செலவு கூடும் என்று. மாறவேண்டியவை இந்த நான்கைந்து இடங்கள் மட்டுமே.

எத்தனை இடத்தில் வைப்பது என்பதிலும் நிதானம் போய்விட்டது. கல்யாண ஆல்பம் வீடியோக்களில் படம் மாறும்போதெல்லாம் ஒரு வூஷ் விழுவதைக் கேட்டுப் பழகிய காதுகள், பாட்டிலும் எட்டு அட்சரத்துக்கு ஒரு முறை அதையே எதிர்பார்க்கின்றனவோ என்னவோ. தாலி கட்டும் வேளையில், நடந்துகொண்டிருக்கும் கீர்த்தனையை அப்படியே விட்டுவிட்டு நாகஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்துக்குத் தாவுகின்றன. அது ஒரு திருமணத்தில் ஒரு முறை வருவதால்தான் பந்தியில் உட்கார்ந்திருப்பவரும் இலையை விட்டு நிமிர்ந்து பார்க்கிறார். பாட்டிலும் மிகப் பெரிய திருப்பம் ஒன்றுதான் இருக்கும். பெரும்பாலும் அது கடைசிச் சரணத்துக்குப் பின் பல்லவி திரும்பும் இடம். பெரிய ஒலியை அங்கே வைத்துவிட்டு, மற்ற இடங்களைத் தாளத்தாலும், ஒரு வாத்தியம் நிற்பதாலும், பாடகர் அடுத்த அடியைச் சற்று முன்னமே எடுப்பதாலும் கடந்துவிடலாம். அளவுக்கு மீறிய இம்பாக்டால் இன்னொரு தீங்கும் உண்டு. மாஸ்டரிங் என்னும் இறுதிச் சரிசெய்தலில், ஒலி வரம்பு மீறாமல் தடுக்க வைக்கும் லிமிட்டர் அந்த அடியை அமுக்கும்போது அதோடு சேர்த்துப் பாடகரின் முதற்சொல்லையும் அமுக்கிவிடுகிறது. அடியின் அளவைக் குறைத்து, அதற்கு முன்னுள்ள ஓர் ஆவர்த்தனத்தை மட்டும் ஒரு டெசிபல் இறக்கி வைத்தால், சரணம் தானாகவே பெரிதாகத் தெரியும்.

மின்னொலிகளே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ராப் பாடும் பிள்ளைகளின் பாட்டுக்கு ரைசரும் சப் என்னும் ஆழ்ந்த அடியும் இல்லாமல் முடியாது, அங்கே அவை அழகாகவே இருக்கின்றன. அம்மன் பாட்டுக்கும் காவடிப் பாட்டுக்கும் வேண்டிய ஒலிகள் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எங்கோ செய்த ஒரே ஒலி எல்லா ஊர்ப் பாட்டிலும் வருவதைத்தான் கேள்வி கேட்கிறேன். உறுமியின் இடது தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது எழும் முனகல், அழுத்தம் கூடக்கூட மேலேறுவதால், இயல்பாகவே ஒரு ரைசர். கொம்பு வாத்தியத்தின் வளைந்தேறும் ஊதலும் அப்படியே. ரிவர்ஸ் சிம்பலுக்குப் பதிலாகச் சேகண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு முறை அடித்து, ஒலி முற்றிலும் அடங்கும் வரை யாரும் மூச்சுகூட விடாமல் இருந்து பதிவுசெய்து, பின்னிருந்து முன்னாகத் திருப்பி, முன்பு சொன்ன பாட்டின் ஓர் ஆவர்த்தனமாகிய 6 நொடிக்கு வெட்டினால், ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு வெண்கல நாதம் எழுந்து வரும். கட்டை பட்ட அந்த முதல் ‘டங்’ இப்போது கடைசிக்கு வந்திருக்கும். அதை அப்படியே விட்டால் ஒலி வெட்டுப்பட்டதுபோல் சட்டென நிற்கும் என்பதால், அந்தத் துணுக்கை நீக்கிவிட்டு, அதே சேகண்டியின் திருப்பாத அடியைச் சமத்தில் வைத்தால், எழுச்சியும் அடியும் ஒரே உலோகத்தின் ஒலியாகச் சேர்ந்துகொள்ளும். சேகண்டியின் நாதத்துக்கும் ஒரு சுருதி உண்டு. பாட்டின் சுருதிக்கு அதைச் சற்று ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உரிமை விஷயத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். ராயல்டி இல்லை என்று சொல்லப்படும் ஒலியும் பதிப்புரிமை இல்லாத ஒலியும் ஒன்றல்ல. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் உள்ள ஒலிகளுக்கே வெவ்வேறு உரிமங்கள் இருக்கின்றன. சிலவற்றை எப்படியும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பதிவுசெய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பதிவிறக்கும்போதே அதைப் படித்து வைத்துக்கொள்ளாதவர்கள், பாட்டு நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு திண்டாடுகிறார்கள். உள்ளூர்க் கலைஞரைப் பதிவுசெய்வதற்கும் இதுவே பொருந்தும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் வாசிப்பவருக்கென்றே தனி உரிமையை அளித்திருக்கிறது. ஒரு பாட்டுக்கென்று அழைத்துத் தவில் வித்வானிடம் வாசிக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தீர்மானத்தை வெட்டி எடுத்து அவருக்குத் தெரியாமல் பத்துப் பாட்டில் போடுவது முறையும் அன்று, சட்டமும் அன்று.

2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வரவிருக்கிறது. 2016 மகாமகத்தின்போது இருந்ததைவிடப் பல மடங்கு பாடல்கள் இம்முறை வீடுகளிலிருந்தே வெளிவரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குள் திருவையாறு அரசு இசைக் கல்லூரியோ, தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையமோ, நம் பகுதி வாத்தியங்களின் இத்தகைய ஒலிகளைப் பதிவுசெய்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க முன்வர வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். உறுமி, கொம்பு, சங்கு, சேகண்டி, நாகஸ்வரத்தோடு வரும் தாளம் ஆகியவற்றின் தனித்தனி ஒலிகளும், ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய தாளங்களில் இரண்டு மூன்று வேகங்களில் வாசித்த சிறு தீர்மானங்களும் இருந்தாலே பெரும்பாலான பாடல்களுக்குப் போதும். எதிரொலி சேராத அறையில், 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிவுசெய்து, ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தாளம், வேகம், சுருதி, வாசித்தவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதி வைக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்குத் தருவதற்கான ஒப்புதலைக் கலைஞர்களிடம் எழுத்தில் பெற்று, அதற்குரிய ஊதியத்தைப் பதிவு நாளன்றே கொடுத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் வாசகர்,
கும்பகோணம்.